பதினான்காம் பாடம்

அம்மான்
செப்டம்பர் 24

அன்புள்ள அக்கா இந்திஸாருக்கு,

ஸலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, காப்பி வாசனை நன்றாகத் தெரிகிறது. உம்மாவிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் மறுபடியும் ஒரு கோணி பூண்டு அனுப்பிவைப்பாள். அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையும் தைலமும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன.

உன் ஃபோனுக்கு எப்போது அடித்தாலும் நீ வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தைத் திறந்து இரண்டே வாரத்தில் கொரோனாவுக்குப் பயந்து மறுபடி மூடிவிட்டார்களே, உன் மாணவிகள் உன்னை விடமாட்டார்கள் போலிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன். நம் ஊர் ஸாஃபிக்குப் பஸ் ஓட்டும் அபூ ஸக்ர் கடிதத்தைக் கொண்டுவருவார். பதிலையும் அவரிடமே கொடு.

எனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஃபோன் கடையை விட்டுவிட்டேன். ஒரு கம்பெனி, கேமரா சம்பந்தமான வேலை. நேரில் வரும்போது விவரமாகச் சொல்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். என் நண்பனின் தம்பி இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு, தவ்ஜீஹி, எழுதுகிறான். இயற்பியலில் களிமண். போன ஏப்ரலில் நீ மாணவிகளுக்காகப் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை என் இணையப் பக்கத்தில் போட்டேன் அல்லவா, அதைக் கேட்டதிலிருந்து "உங்க அக்கா நோட்டு கிடைக்குமா" என்று பிடுங்கி எடுக்கிறான். அனுப்பினால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

உம்மாவின் கைகளுக்கு என் முத்தம்.
தம்பி ரக்கான்


கோர் அஸ்ஸாஃபி
அக்டோபர் 2

அன்புத் தம்பி ரக்கானுக்கு,

உனக்கும் ஸலாம். தைலம் தடவியதில் உம்மாவின் முழங்கால் சற்றுத் தேவலை, நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கேமரா வேலை என்றதும் "கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற வேலையா, ஊரே அடைச்சுக் கெடக்கு, எவன் கல்யாணம் பண்றான்" என்று கேட்கிறாள். என்ன வேலை என்று எழுது.

மூன்று நோட்டுகளும் அபூ ஸக்ரிடம் இருக்கின்றன. பத்தொன்பது வருடம் எழுதியது. ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்.

என் நிலைமையை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படாதே. வகுப்பில் நாற்பத்து மூன்று பெண்கள். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்துப் பகலில் பதினோரு ஃபோன். மற்ற ஃபோன்கள் அப்பாக்களோடு தக்காளித் தோட்டத்துக்குப் போய்விடுகின்றன. பாடம் டிவியில் வருகிறது, கணினியில் வருகிறது, எங்கும் வருகிறது என்று மேலிடத்திலிருந்து தினமும் அறிக்கை. எங்கள் பெண்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஃபோனைத் திறந்து பெயர் பதிந்தால்தான் வருகைக் கணக்கு. பதியாதவள் "வரவில்லை". எங்கே வரவில்லை? அவளுடைய வீட்டுக்கே அவள் வரவில்லையா?

இப்திஹால் என்று ஒருத்தி. அவள் அப்பா அபூ ஃபவாஸுக்குத் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. வாரம் இரண்டு முறை அவளே என் வாசலுக்கு வந்து, தக்காளிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதிய கேள்விகளை நீட்டுவாள். மின்பொறியியல் படிக்க வேண்டுமாம். போன வாரம் நான் தந்த விடையில் ஒரு பிழை கண்டுபிடித்தாள். அன்று முழுவதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் ஃபோன் ஏன் ஓய்வதில்லை என்று இப்போது புரிகிறதா? உடம்பைப் பார்த்துக்கொள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரியாதே.

உன் நலம் நாடும்
அக்கா இந்திஸார்


கோர் அஸ்ஸாஃபி
டிசம்பர் 5

ரக்கான்,

ஸலாம். உம்மா நலம். நீ நலம் என்பதை நானே கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால் விசாரிக்கவில்லை.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நோட்டுகள் மட்டும் நவம்பரில் திரும்பி வந்தன, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல். வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இப்திஹால் வந்தாள். கையில் அட்டை இல்லை, மாமன் மகனிடம் இரவல் வாங்கிய ஃபோன். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், இனிமே உங்கள நான் தொந்தரவு பண்ண மாட்டேன். நோட்டுக் கடையில கார்டு வாங்கிட்டேன். சுரண்டினா நம்பர் வரும், அதப் போட்டா வருஷம் பூரா பாடம். இயற்பியலுக்கு ஒரு உஸ்தாத் இருக்காரு மிஸ், நம்ம ஊர் கிரேனப் பத்தியெல்லாம் சொல்றாரு!"

அவள் காதைப் பார்த்தேன். இரண்டு காதிலும் தோடு இல்லை. கேட்டதற்கு, "என்னோடதுதானே மிஸ், சின்னதுதான்" என்றாள்.

திரையில் நீ. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பின்னால் பளபளக்கும் பலகை. "உஸ்தாத் ரக்கான்." உப்பு மூட்டையைத் தூக்கும் கிரேன் உதாரணம் என்னுடையது. கிரேன் ஓட்டுபவன் கொட்டாவி விடும் நகைச்சுவை என்னுடையது. "எண்ணைப் பார்க்காதே, அம்புக்குறியைப் பார்" என்று பத்தொன்பது வருடமாக நான் சொல்லிவரும் வாக்கியத்தை, நான் நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்தி, நான் கையைத் தூக்குவது போலவே தூக்கிச் சொல்கிறாய். பொறியியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவன் நீ.

உம்மா ஃபோனை வாங்கித் திரையில் உன் நெற்றியில் முத்தமிட்டாள். "என் புள்ள வாத்தியாராயிட்டான்" என்று அழுதாள். அந்தப் பெண் என்னையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க தம்பியா மிஸ்? நீங்க சொல்லவே இல்லியே!"

எனக்கே யாரும் சொல்லவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

என் மாணவி தன் காதுத் தோட்டை விற்று என்னுடைய பாடத்தை உன்னிடம் வாங்கியிருக்கிறாள். எழுது. ஃபோன் செய்யாதே. ஃபோனில் சிரித்து மழுப்பிவிடுவாய். காகிதத்தில் எழுது.

இந்திஸார்


அம்மான்
டிசம்பர் 16

அன்பான அக்காவுக்கு,

ஆயிரம் ஸலாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. உம்மாவுக்கு இரண்டு மாத மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

நானே சொல்ல இருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் தள்ளிக்கொண்டே போனது. நண்பனின் தம்பி என்றது பொய்தான். மன்னித்துவிடு. கம்பெனிக்கு அவசரமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது, நல்ல குரல், கேமராவுக்குக் கூசாத முகம். எனக்கும் வேலை வேண்டியிருந்தது. கடை ஆறு மாதமாக மூடிக்கிடந்தது உனக்குத் தெரியாதா?

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு யோசி அக்கா. உன் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். என் பாடத்தை எண்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். மஃப்ரக்கில் கூடாரத்தில் இருக்கும் சிரியாப் பையன் எழுதுகிறான். ஏமனிலிருந்து ஒரு பெண் எழுதுகிறாள், மின்சாரம் வரும் இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்கிறாளாம். உன் கிரேன் அங்கெல்லாம் போயிருக்கிறது. நோட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் போயிருக்குமா?

உண்மையைச் சொல். நீயாக இருந்தால் கேமரா முன்னால் வந்து நின்றிருப்பாயா? பள்ளி ஆண்டு விழாவில் புகைப்படம் எடுத்தாலே தூணுக்குப் பின்னால் போகிறவள் நீ.

இருபது கார்டுகள் வைத்திருக்கிறேன். உன் பெண்களுக்கு. இலவசம்.

கோபம் தணிந்து ஒரு வரி எழுது.
உன் ரக்கான்


கோர் அஸ்ஸாஃபி
டிசம்பர் 24

ரக்கானுக்கு,

ஸலாம். மாத்திரை வந்தது. உம்மா நலம்.

கார்டுகளைக் கிழித்துத் திருப்பி அனுப்பத்தான் உறையை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். எனக்கு உன்மேல் கோபம் என்றால் பெண்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இருபது பேருக்குக் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு ஏன் இல்லை என்று மற்றவர்கள் கேட்டபோது உன் பெயரைச் சொல்லவில்லை.

எண்பதாயிரம் பேர், சரி. ஏமன் பெண், சரி. அவர்களில் ஒருத்திக்காவது இந்தப் பாடம் யாருடையது என்று சொன்னாயா? நீ சொல்லாத ஒரு வார்த்தைக்கு எண்பதாயிரம் பேரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே.

நன்றாகப் பேசுகிறாய். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொறாமை என்பாய். என்னைவிட நன்றாகப் பேசுகிறாய். அதுதான் எரிகிறது.

இந்திஸார்


கோர் அஸ்ஸாஃபி
மார்ச் 3

ரக்கானுக்கு,

ஸலாம். உம்மாவுக்குச் சளி, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. இது சண்டைக் கடிதம் இல்லை. பதறிப்போய் எழுதுகிறேன், முழுதாகப் படி.

உன் பதினான்காம் பாடம் தப்பு.

மேலே போய்க்கொண்டிருக்கும் மூட்டையின் வேகம் குறையும்போது கயிற்றின் இழுப்பு எடையைவிட அதிகம் என்று சொல்லி, வேகத்தைக் குறைக்கும் விசையை எடையோடு கூட்டி விடை போடுகிறாய். கழிக்க வேண்டும். நிற்கப்போகிற மூட்டையைக் கயிறு குறைவாகத்தான் இழுக்கும். நீ ஏன் இப்படிச் சொன்னாய் என்று எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

இடது பக்கத்தில் "மாணவிகள் எழுதும் விடை" என்று தலைப்பு இருக்கிறது. வருடா வருடம் அவர்கள் செய்கிற பிழைகளை அந்தப் பக்கத்தில் எழுதி வைப்பேன், வகுப்பில் காட்டித் திருத்துவதற்காக. சரியான விடை வலது பக்கத்தில். நீ இடது பக்கத்தை எடுத்து, மாணவிகள் எழுத வேண்டிய விடை என்று நினைத்து, எண்பதாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

போன வாரம் பள்ளிக்கூடத்தைப் பாதியாகத் திறந்தார்கள். பலகையில் எழுதினேன். வகுப்பே எழுந்து நிற்கிறது.

"மிஸ், உஸ்தாத் வேற மாதிரி சொன்னாரே."

"அவர் சொன்னது தப்பு."

"எண்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க மிஸ். அத்தன பேருக்குமா தெரியாது?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "தம்பிமேல மிஸ்ஸுக்குப் பொறாம" என்று முணுமுணுத்தாள். காதில் விழுந்தது. சிரிப்பு வேறு.

இப்திஹால் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று முறை விளக்கினேன். தலையாட்டினாள்.

அந்தப் பாடத்தை எடுத்துவிடு. இன்றே. வலது பக்கத்தின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயரைப் போடாவிட்டாலும் போகட்டும். தப்பை எடு.

அக்கா


அம்மான்
மார்ச் 23

அக்காவுக்கு ஸலாம்,

உம்மாவின் சளி போய்விட்டதா? எலுமிச்சையும் தேனும் கொடு. இங்கே வெள்ளிக்கிழமைதோறும் ஊரடங்கு, வீட்டிலேயே கிடக்கிறேன்.

உன் கடிதம் வந்ததுமே மேலாளரிடம் சொன்னேன். சரிபார்க்கிறோம் என்றார்கள். இப்போதுதான் கார்டு அதிகமாக விற்கும் காலம். இந்த நேரத்தில் "பாடத்தில் பிழை" என்று போட்டால் போட்டிக் கம்பெனிக்காரர்கள் தோரணம் கட்டிக் கொண்டாடுவார்களாம். தேர்வு முடிந்ததும் மறுபடி படம் பிடிக்கலாம் என்கிறார்கள். எண்பது பாடத்தில் ஒன்றுதானே அக்கா. அதுவும் ஒரே ஒரு கேள்வி. அது தேர்வில் வரவா போகிறது?

நான் அழுத்திச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரக்கான்


கோர் அஸ்ஸாஃபி
ஏப்ரல் 12

ரக்கான்,

உம்மா நலம். ஸலாம்.

தேர்வு முடிந்ததும் மருந்து கொடுப்பார்களாமா?

நீ அழுத்திச் சொல்கிற லட்சணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று, கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். பாடங்களுக்குப் பொறுப்பாளர் என்று தரீஃபா என்ற பெண்மணி வந்தார். பெயரைச் சொன்னேன், ஊர் ஸாஃபி என்றேன். அவர் குரலே மாறிவிட்டது.

"நீங்களா அந்த டீச்சர்? கிரேன் டீச்சர்? உங்க குரல் பதிவக் கேட்டுட்டுத்தானே நாங்க உங்களத் தேடினோம்! உங்க தம்பியோட இணையப் பக்கத்துல இருந்துச்சு, அவர்கிட்டதான் கேட்டோம். நீங்க வர மாட்டீங்கன்னு சொல்லிட்டாரே."

"எப்ப கேட்டீங்க?"

"போன ஆகஸ்ட்ல. உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கண்டிப்பு, கேமரா முன்னால எல்லாம் அனுப்ப மாட்டார்னு சொன்னார். அப்ப நீங்க வந்து பண்ணுங்கன்னு அவரையே எடுத்துக்கிட்டோம்."

எனக்கு வீட்டுக்காரரா? நாற்பத்தொரு வயதில் எனக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறாய், அதுவும் கண்டிப்பான ஆளாகப் பார்த்து! வாப்பா இறந்த வருடம் உன் கல்லூரிச் செலவுக்காக நான் வேண்டாம் என்ற மாப்பிள்ளைகளில் எவனை மனதில் வைத்துச் சொன்னாய்? அவன் பெயரையாவது எழுது, தெரிந்துகொள்கிறேன்.

நீயாக இருந்தால் கேமரா முன்னால் நின்றிருப்பாயா என்று டிசம்பரில் கேட்டாயே. கேட்கும்போதே உனக்குத் தெரியும், என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று. தூணுக்குப் பின்னால் போகிறவள் என்றாய். தூணை நட்டவனே நீதான்.

இதை உம்மாவிடம் சொல்லவில்லை. உனக்காக அல்ல. அவள் இன்னும் உன்னைத் திரையில் முத்தமிடுகிறாள்.

பிழையைப் பற்றி தரீஃபாவிடம் விவரமாகச் சொன்னேன். குறித்துக்கொண்டார். ஆனால் நீதான் அந்த முகம். நீ வாயைத் திறந்து சொன்னால் ஒரே நாளில் மாறும். ஒரு வாரம் தருகிறேன்.

இந்திஸார்


கோர் அஸ்ஸாஃபி
ஜூலை 9

ரக்கான்,

ஒரு வாரம் கொடுத்தேன். பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது. உம்மா கேட்கும்போதெல்லாம் நீ நலமாக இருப்பதாகச் சொல்லிவருகிறேன்.

நேற்று இயற்பியல் தேர்வு. கிரேன் வரவில்லை. லிஃப்ட் வந்தது. மேலே போகும் லிஃப்ட் நிற்கப்போகிறது, கம்பியின் இழுப்பு எவ்வளவு? மதிப்பெண் அதிகமுள்ள பெரிய கேள்வி. அந்த விடையை வைத்துத்தான் அடுத்த இரண்டு கேள்விகளும்.

வெயிலில் பள்ளி வாசலில் நின்றேன். வெளியே வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியாக இப்திஹால் வந்தாள்.

"கூட்டினியா, கழிச்சியா?"

"முதல்ல கழிச்சேன் மிஸ்."

"அப்புறம்?"

"அப்புறம் அடிச்சிட்டுக் கூட்டினேன்."

அவளே சொன்னாள்: "உள்ள உக்காந்திருக்கும்போது ரெண்டு பேர் குரலும் கேட்டுச்சு மிஸ். அவரு குரல் பெருசா இருந்துச்சு."

அவளைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் திட்டினேன். நல்ல வார்த்தைகள் இல்லை. காகிதத்தில் ஏறாது.

இந்திஸார்


அம்மான்
ஆகஸ்ட் 25

அக்கா,

ஸலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. என் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பு, உம்மாவின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

முடிவுகள் வந்த அன்று பிள்ளைகளை வாழ்த்த நேரலையில் உட்கார்த்தினார்கள். வாழ்த்துக்கு நடுவில் ஒருவன் எழுதினான்: "பதினான்காம் பாடத்துக்கு நன்றி உஸ்தாத், என் மருத்துவச் சீட்டு போச்சு." பிறகு இன்னொருத்தி. பிறகு நிற்கவே இல்லை. பிழையைக் காட்டுபவர்களைத் தடுக்கும்படி யாரோ கத்துவது காதுக்கருவியில் கேட்டது.

சொல்லிவிட்டேன் அக்கா. பாடம் தப்பு, மார்ச்சிலேயே எனக்குத் தெரியும், பாடங்கள் என்னுடையவை அல்ல, என் அக்கா இந்திஸாருடையவை, அவளிடமிருந்து திருடினேன் என்று சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் ஒளிபரப்பை அறுத்துவிட்டார்கள். அன்று மாலையே என்னையும்.

ஏப்ரலில் நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் எழுதவில்லை. கம்பெனிக்காரர்கள் உன்னைக் கேட்டபோது ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், அல்லாஹ் அறிய. அடுத்த நிமிடம், வீட்டில் எப்போதும் பெயர் வாங்குகிறவள் அவள்தானே என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

இப்போதாவது என்னை மன்னிப்பாயா?

ரக்கான்


கோர் அஸ்ஸாஃபி
செப்டம்பர் 1

ரக்கானுக்கு,

ஸலாம். அந்த மூன்று நிமிடத்தை ஊரே பார்த்தது. உம்மாவும் பார்த்தாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறாள். உன்மேல் கோபமா என்று கேட்டேன். "ரெண்டு பேருமே என்கிட்ட சொல்லல" என்றாள். அவளுக்கு என்மேலும் கோபம். அதுவும் நியாயம்தான்.

நீ கேமராவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். உனக்கு அது பழகிய முகம்.

இப்திஹாலுக்கு மின்பொறியியல் கிடைக்கவில்லை. அரை மதிப்பெண் குறைவு. அந்தக் கேள்வி முழுதாகப் போனதால் வந்த வினை. அபூ ஃபவாஸ் அவளைத் தக்காளி நாற்று நடக் கூட்டிப் போகிறார். "தோட்டையும் வித்தா, மார்க்கும் வாங்கல, மூளை அவ்வளவுதான்" என்று தெருவில் வைத்துச் சொன்னாராம். அவள் என் வாசலுக்கு வருவதில்லை.

அந்த வீட்டுக்குப் போ. நான் கூட வரமாட்டேன். உன் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் எனக்கு எழுது.

இந்திஸார்


அம்மான்
செப்டம்பர் 13

அக்கா,

ஸலாம். ஸாஃபிக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் திரும்பியதற்கு உம்மாவிடம் என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து நம் ஜன்னல் தெரிந்தது.

அபூ ஃபவாஸ் என்னை உட்காரவைத்தார். தேநீர் கொடுத்தார். என்னை யாரென்று தெரிந்தும் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, இழுப்பு, எடை எதுவும் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. தப்பு இவ எழுதினதா, நீ சொன்னதா?"

"நான் சொன்னது. அவ முதல்ல சரியாத்தான் எழுதியிருக்கா."

அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏய் இப்திஹால், கேட்டியா? வா இங்க. இவன் இன்னொரு தடவ சொல்வான், கேளு."

அவள் வந்து நின்றாள். கைகளில் மண். நான் மறுபடி சொன்னேன். அவள் அழவும் இல்லை, சரி பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"சரி, இப்பச் சொல்லுங்க, ஏன் கழிக்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. நீ அனுப்பிய வலது பக்கம் எனக்கு மனப்பாடம், ஆனால் ஏன் என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

"மேல போறது வேற, வேகம் கூடுறது வேற. நீங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டீங்க" என்றாள். இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை தரையில் கோடு போட்டுக் காட்டினாள். அப்போதுதான் விளங்கியது. எண்பதாயிரம் பேருக்குச் சொன்னவனுக்கு அன்றுதான் விளங்கியது.

அபூ ஃபவாஸ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, "ஜனவரியில மறுபடி எழுதலாமாமே?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம்.

ரக்கான்


கோர் அஸ்ஸாஃபி
செப்டம்பர் 19

ரக்கானுக்கு,

ஸலாம். உம்மா நலம். நீ வந்து திரும்பியதை அபூ ஸக்ரே அவளிடம் சொல்லிவிட்டார், உனக்கு வசவு காத்திருக்கிறது.

இப்திஹால் நேற்று வந்தாள். கூட ஏழு பேர். ஜனவரி மறுதேர்வுக்கு எட்டுப் பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

தரீஃபாவும் கூப்பிட்டார். உன் இடத்துக்கு நான் வர வேண்டுமாம். என் பெயர், என் முகம், அம்மானில் வீடு. சரி, முதலில் பதினான்காம் பாடத்தை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். அதை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் டீச்சர், இப்போது எடுத்தால் பேச்சு மறுபடி கிளம்பும் என்றார். ஃபோனை வைத்துவிட்டேன். இன்னும் அது அங்கேயேதான் இருக்கிறது ரக்கான். நீ வெள்ளைச் சட்டையோடு கூட்டிக்கொண்டிருக்கிறாய். இன்றைக்கும் யாரோ ஒரு பெண் அதை எழுதிக்கொண்டிருப்பாள்.

அதனால் நானே கேமரா முன்னால் பேசப்போகிறேன். என் வகுப்பறையில், என் பலகையில், முதல் பாடத்திலிருந்து. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கார்டு கிடையாது. இல்லை, பதினான்காம் பாடத்தையே முதலில் நடத்திவிடலாம் என்கிறாள் இப்திஹால்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. ஆனால் கை நடுங்காமல் ஃபோனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த வேலை உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வா.

பாடம் முடியும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா